நடுநிலைப்பள்ளி வயதில் பிள்ளைகளின் ஓட்டம் ஏன் நின்றுவிடுகிறது? இனக்குழு வேறுபாடு குறித்து ஒரு விவாதம்

நெய்தல் (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கலிபோர்னியாவில் ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃபிட்னஸ்கிராம் என்னும் உடற்திறன் சோதனை நடத்தப்படுவதை இங்குள்ள பெற்றோர் அறிவீர்கள். அதையொட்டிச் சென்ற வாரம் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "கறுப்பினப் பிள்ளைகளுக்கு விளையாட்டு இரத்தத்திலேயே ஊறியது, நம் பிள்ளைகளுக்கு அது வராது" என்று சொன்னார். சொன்னவர் தமிழர். பலர் தலையசைத்தார்கள். நான் மறுப்புச் சொல்லாமல் வீடு திரும்பினேன். அன்றிரவு முழுவதும் அந்தப் பேச்சு மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு வரையில் இடைவேளை மணி அடித்தவுடன் மைதானத்துக்கு ஓடியவள். ஆறாம் வகுப்பில், நடுநிலைப்பள்ளிக்குப் போனதும், ஓட்டம் நின்றது. இரத்தம்தான் காரணம் என்றால் அது பதினொரு வயதில் எப்படி மாறியிருக்கும்? அவளுடைய தோழியரில் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தியும் கறுப்பினப் பெண் ஒருத்தியும் இருக்கிறார்கள். மூவருமே இப்போது மைதானத்தின் பக்கம் போவதில்லை. ஒருத்தி பள்ளி முடிந்ததும் தம்பியை அழைத்துக்கொண்டு வீடு சேர வேண்டும். மற்றொருத்தியின் பேருந்து மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். என் மகளுக்கு கணித வகுப்பு இருக்கிறது. நின்றது ஒரே வயதில், ஆனால் நிறுத்தியவை வேறு வேறு. இதைப் பற்றி விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அளவுகோல் (வட கரோலினா)

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். பொதுச் சுகாதார ஆய்வில் பணிபுரிகிறேன். இந்த விவாதம் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்கிவிடுவதால், முதலில் அளவீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வின்படி, 2016ஆம் ஆண்டில் பதினொன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் இது 85, ஆண் பிள்ளைகளில் 78. ஆகவே எந்த இனக்குழுவைப் பேசினாலும், குறைவாக அசைவதுதான் உலகம் முழுவதும் இன்றைய வழக்கமாக இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனக்குழு வேறுபாட்டுக்கு அமெரிக்காவில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 1987இல் தொடங்கியது. ஒன்பது, பத்து வயதிலிருந்த 1213 கறுப்பினச் சிறுமியரையும் 1166 வெள்ளையினச் சிறுமியரையும் பதினெட்டு, பத்தொன்பது வயது வரையில் பின்தொடர்ந்தார்கள். 2002இல் முடிவுகள் வெளிவந்தபோது அனைவரும் அதிர்ந்தார்கள். பதினாறு, பதினேழு வயதில் ஓய்வுநேர உடலியக்கம் அறவே இல்லை என்று சொன்னவர்கள் கறுப்பினப் பெண்களில் 56 விழுக்காடு, வெள்ளையினப் பெண்களில் 31 விழுக்காடு. பெற்றோரின் கல்விக் குறைவும் உடல் எடை மிகுதியும் இந்தச் சரிவோடு சேர்ந்தே காணப்பட்டன. உங்கள் கூட்டத்தில் பேசியவர் சொன்ன "இரத்தம்" இந்த எண்களின் முன் நிற்காது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அந்த எண்கள் பிள்ளைகள் தாமே சொன்ன விடைகளிலிருந்து வந்தவை. 2003-04இல் நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் இடுப்பில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி அளந்தார்கள். 60 நிமிட அளவை எட்டியவர்கள் ஆறு முதல் பதினொரு வயதில் 42 விழுக்காடு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதிலோ வெறும் 8 விழுக்காடு. நீங்கள் கண்ணால் கண்ட சரிவு இதுதான். அதே அளவீட்டில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் குறைவாக அசையவில்லை என்பது மட்டுமல்ல, சற்று அதிகமாகவே அசைந்தார்கள் என்றும் தெரிந்தது.

இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்கு மிகுந்த அக்கறை. "சென்ற வாரம் எந்த விளையாட்டில் ஈடுபட்டாய், எந்தப் பயிற்சி செய்தாய்" என்று கேட்டால், பள்ளிக்கு நடந்து போன பிள்ளையும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடியேறிய பிள்ளையும் "எதுவுமில்லை" என்றே எழுதும். அமெரிக்காவில் 1969இல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குச் சென்றார்கள். 2009இல் அது 13 விழுக்காடாகச் சுருங்கியது. இன்றும் நடப்பவர்களில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளும் கூடுதல் விகிதத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தேவையினால் நடக்கிறார்கள், வசதியுள்ள பிள்ளைகள் சீருடை அணிந்து விளையாடுகிறார்கள். நம் கேள்வித்தாள் இரண்டாவதை மட்டுமே எண்ணியிருக்கிறது.

பயிற்றுநர் (சான் டியேகோ)

நான் நடுநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பதினாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நெய்தல் அம்மா கேட்ட "பதினொரு வயதில் என்ன நடந்தது" என்பதற்கு என்னால் விடை சொல்ல முடியும். ஏனென்றால் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்த வயதுப் பிள்ளைகள்தான் என் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

தொடக்கப்பள்ளியில் பிள்ளைக்கு இடைவேளை உண்டு. பந்தும் கயிறும் வெளியே கிடக்கும், யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளி போன்ற பல நடுநிலைப்பள்ளிகளில் இடைவேளை என்ற ஒன்றே கிடையாது. மதிய உணவு அரை மணி நேரம், அதில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். உடற்கல்விக்குப் பத்துப் பள்ளி நாள்களில் 400 நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பு முதல் கலிபோர்னியாச் சட்டம் சொல்கிறது. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் உடை மாற்ற ஐந்து, வருகைப் பதிவுக்கு ஐந்து, மீண்டும் உடை மாற்ற ஐந்து என்று கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு பிள்ளையின் கைக்குப் பந்து எத்தனை முறை வரும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அணித் தேர்வு. கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு இடம், தேர்வுக்கு எழுபது பேர் வருவார்கள். அந்தப் பன்னிரண்டில் இடம் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழு, எட்டு வயதிலிருந்தே கட்டணம் செலுத்தித் தனியார் கிளப்பில் ஆடியவர்கள். கலிபோர்னியாவில் பள்ளிகள் விளையாட்டுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1984இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சான்டா பார்பரா பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய் தொடுத்த வழக்கு அது. ஆயினும் கிளப்புக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. வாசல் இலவசம், ஆனால் வாசல் வரைக்கும் வரும் வழிக்கு விலை உண்டு. வேறு பல மாநிலங்களில் பள்ளி அணிக்கே கட்டணம் இருக்கிறது. தேர்வாகாத ஐம்பத்தெட்டுப் பேருக்கு அன்றிலிருந்து "நான் விளையாட்டுக்காரன் அல்ல" என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. பதினொரு வயதில் ஒரு பிள்ளையின் மீது அந்த முத்திரையைக் குத்துவதை நான் அநியாயம் என்றே சொல்வேன், அதைச் செய்யும் கைகளில் என் கையும் ஒன்று என்பதை அறிந்தே சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. 1997இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பருவ மாற்றத்தின் முதல் அறிகுறி கறுப்பினச் சிறுமியருக்குச் சராசரியாக ஒன்பது வயதுக்குச் சற்று முன்பும், வெள்ளையினச் சிறுமியருக்குப் பத்து வயதை ஒட்டியும் தோன்றுவதைக் காட்டியது. ஆறாம் வகுப்பில் உடை மாற்றும் அறைக்குள் நுழையும்போது சிலருடைய உடல் வளர்ந்த பெண்ணின் உடலாக இருக்கிறது, பக்கத்தில் நிற்பவள் இன்னும் குழந்தையாக இருக்கிறாள். அந்த அறையில் கூனிக் குறுகி நிற்கும் பிள்ளை மைதானத்தில் நிமிர்ந்து ஓடாது. கைகால் தெரியும் சீருடை அணியத் தயங்கும் முஸ்லிம் மாணவியரும் எங்களிடம் உண்டு. நீளக் கால்சட்டையும் தலைத்துணியும் அணியலாம் என்று வெளிப்படையாக அறிவித்த பின்னரே அவர்களில் சிலர் ஓடத் தொடங்கினார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமே 2014இல்தான் தலைத்துணியை அனுமதித்தது, கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல்.

தென்னவன் (எடிசன், நியூஜெர்சி)

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். பணமும் பூங்காவும் பேருந்தும்தான் காரணம் என்றால், எங்கள் ஊரில் நம் பிள்ளைகள் அனைவரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் பூங்கா இருக்கிறது, கிளப்புக்குக் கட்டப் பணம் இருக்கிறது, அழைத்துச் செல்ல இரண்டு கார் இருக்கிறது. பிள்ளைக்கு நேரம் மட்டும் இல்லை, அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

நம்மில் பெரும்பாலோர் தேர்வில் வென்று இந்த நாட்டுக்கு வந்தவர்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் விளையாட்டு வகுப்பைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொண்டபோது அதைச் சரியென்று ஏற்று வளர்ந்தவர்கள். ஏழாம் வகுப்பில் எந்தக் கணிதப் பிரிவில் பிள்ளை சேர்கிறது என்பதுதான் அதன் எதிர்காலம் என்று நம்புகிறோம். ஆகவே விளையாட்டு என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்துக்கு உரியதாகிவிட்டது, அப்படி மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

இன்னும் இரண்டைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். "வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்" என்று நம் வீடுகளில் பெண் பிள்ளையிடம் சொல்வதை அமெரிக்கா வந்தும் நாம் விடவில்லை. வயதுக்கு வந்த பெண் ஆண் பிள்ளைகளோடு ஓடியாடுவது பொருந்தாது என்ற எண்ணமும் விமானமேறி வந்திருக்கிறது. இவற்றை எந்தப் பள்ளியும் நம் மீது திணிக்கவில்லை. பிற இனத்தவரின் துன்பத்தை விளக்கும் காரணங்களுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதே என் கருத்து.

நெய்தல்

தென்னவன் அண்ணா, வெயிலைப் பற்றிய அந்த வாக்கியத்தை நானே என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்த பிறகு அவளிடம் கேட்டேன், அவளுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. நான் மறந்துவிட்டேன்.

தேம்சுக்கரை (ஹாரோ, லண்டன்)

இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி. லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் நகரங்களில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருவி கட்டி அளந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. தெற்காசியப் பிள்ளைகளே மிகக் குறைவாக அசைந்தார்கள், அவர்களிலும் பெண் பிள்ளைகள் இன்னும் குறைவாக. கறுப்பினப் பிள்ளைகளின் அளவு வெள்ளையினப் பிள்ளைகளின் அளவை ஒத்திருந்தது. ஆகவே வறுமை ஒன்றையே காரணமாக்கினால் விடை கிடைக்காது என்பதில் நான் தென்னவன் ஐயாவின் பக்கம் நிற்கிறேன்.

இது நமக்கு ஏன் மற்றவர்களைவிட முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். மெலிந்து தோன்றும் நம் உடலிலும் நீரிழிவு விரைவாக வந்து சேர்கிறது. அதனால்தான் ஆசிய வம்சாவளிப் பெரியவர்களுக்கு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 23ஐ எட்டியவுடனேயே சர்க்கரைச் சோதனை செய்யுமாறு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் பரிந்துரைத்தது. மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. பிள்ளை ஒல்லியாக இருக்கிறதே என்று நாம் நிம்மதி கொள்வது இந்த இடத்தில் ஆபத்து.

"என் மகள் பரதம் ஆடுகிறாள், அது போதாதா" என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பல தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. முழங்காலை மடித்து அரைமண்டியில் அமர்ந்து, மூன்று வேகத்திலும் அடவு என்னும் அடிப்படை அசைவுகளைச் செய்வது கடினமான உழைப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளை தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும், அபிநயத்துக்கும் பாடலின் பொருளுக்கும் போகும் நேரத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். சான் டியேகோ பகுதியில் பாலே, ஹிப்ஹாப் முதலான நடன வகுப்புகளில் கருவி கொண்டு அளந்தபோது, ஒரு வகுப்பில் உண்மையான உடலுழைப்பு சராசரியாக 17 நிமிடம்தான் இருந்தது. வாரம் ஒரு வகுப்பு நல்ல கலை, ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அது ஈடாகாது.

செவிலி (அட்லாண்டா)

பள்ளிச் செவிலியாக இருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். "இரத்தத்தில் ஊறியது" என்ற பேச்சுக்கு நீச்சலைக் கொண்டு விடை சொல்ல விரும்புகிறேன்.

1999 முதல் 2010 வரையிலான இறப்புகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தபோது, பதினொன்று, பன்னிரண்டு வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் அதே வயது வெள்ளையினப் பிள்ளைகளைப் போலப் பத்து மடங்கு இருந்தது. இது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நடுநிலைப்பள்ளி வயது. கறுப்பினத்தவருக்கு நீச்சல் வராது என்று இதற்கும் இரத்தத்தையே காரணம் சொன்னார்கள். ஓடும்போது ஊறியிருக்கும் இரத்தம் தண்ணீரில் இறங்கியதும் எங்கே போயிற்று என்று அவர்கள் யோசிக்கவில்லை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. பொதுக் குளங்களில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பு வந்தபோது, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் குளங்களைப் பொதுவாக்குவதற்குப் பதிலாக நகராட்சி அவற்றை நடத்துவதையே நிறுத்தியது. 1971இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. குளம் மூடப்பட்டபோது நீந்தக் கற்காத பிள்ளை தாயானாள், தண்ணீருக்குப் பயந்து தன் மகளைக் கரையிலேயே நிறுத்தினாள். அவளுடைய பேத்தி இன்று என் அறைக்கு வந்து, நீச்சல் வகுப்பிலிருந்து விலக்குக் கடிதம் கேட்கிறாள். இதைப் பண்பாடு என்று பெயரிட்டு முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பண்பாட்டுக்குத் தேதியும் ஊரும் நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன.

விலக்குக் கேட்பதற்குத் தலைமுடியும் ஒரு காரணம். முடியைப் பின்னவோ நேராக்கவோ தாய் பல மணி நேரமும் கணிசமான பணமும் செலவிட்டிருக்கிறாள். இரண்டாவது பீரியடில் வியர்த்துவிட்டால் அத்தனையும் கெடும், அன்று முழுவதும் பிறர் பார்வையில் அந்தப் பெண் நிற்க வேண்டும். பயற்றம் மாவும் சீயக்காயும் தேய்த்து ஞாயிற்றுக்கிழமை முடி உலர்த்திய நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கவலை புரியாமல் போகாது. உடற்கல்வி வகுப்பைக் கடைசிப் பீரியடுக்கு மாற்றினால் சிலருக்கு இந்தத் தடை நீங்கிவிடுகிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

பயிற்றுநர்

செவிலி அம்மாவின் பதிவை என் சக ஆசிரியர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

என்ன செய்யலாம் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆறு பகுதிகளில், 36 நடுநிலைப்பள்ளிகளில், பெண் பிள்ளைகளின் உடலியக்கத்தைக் கூட்டப் பெரிய சோதனை முயற்சி ஒன்று நடந்தது. 2008இல் அதன் முடிவு வெளிவந்தபோது, மூன்றாண்டு உழைப்புக்குப் பின் கிடைத்த வேறுபாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் மட்டுமே. அதற்கு முன் எங்கள் சான் டியேகோவில் 24 நடுநிலைப்பள்ளிகளில் செய்த முயற்சியில் ஆண் பிள்ளைகளின் இயக்கம் கூடியது, பெண் பிள்ளைகளுக்குப் பயன் தெரியவில்லை. எல்லோருக்கும் பொதுவாக மைதானத்தைத் திறந்துவிட்டால் அதை யார் நிரப்புவார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஏற்கெனவே ஆடத் தெரிந்த பையன்கள்தான் நிரப்புவார்கள். பாஸ்டன் பகுதியில் வேறு வழியில் முயன்றார்கள். தொலைக்காட்சி நேரத்தைக் குறைப்பதைக் கணிதத்திலும் அறிவியலிலும் பாடமாகவே வைத்தார்கள். பத்துப் பள்ளிகளில் நடந்த அந்த முயற்சியின் முடிவு 1999இல் வெளிவந்தபோது, பெண் பிள்ளைகளிடம் உடற்பருமன் குறைந்திருந்தது.

எங்கள் பள்ளியில் நான்கு ஆண்டுகளாகச் சிறிய அளவில் சிலவற்றைச் செய்கிறோம். மதிய இடைவேளையில் வாரம் இரண்டு நாள் ஓர் ஆடுகளம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது. பெயர் கொடுத்த எவரையும் விலக்காத உள்ளூர் ஆட்டங்கள் நடக்கின்றன. உடை எப்படியும் இருக்கலாம், காலணி மட்டும் கட்டாயம். இவை எல்லாவற்றையும்விட அதிகப் பிள்ளைகளைக் கொண்டுவந்தது நான்கரை மணிக்குக் கிளம்பும் பேருந்துதான். அதைப் பெற மாவட்ட அலுவலகத்துக்குப் பதினான்கு மாதம் நடந்தோம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகள் அவர்களையும் அழைத்துவரலாம் என்று அனுமதித்தோம். மைதானத்தின் ஓரத்தில் அந்தச் சிறுவர்கள் தனியாக ஓடிப் பிடித்து ஆடுகிறார்கள். உண்மையில் அந்த மைதானத்தில் மிக அதிகமாக அசைபவர்கள் அவர்கள்தான்.

தென்னவன்

பயிற்றுநர் ஐயா, தேர்வு இல்லாத ஆட்டம் என்பது நான் எதிர்பாராத விடை. என் மகனைக் கிளப்பில் சேர்த்து, மூன்று மாதத்தில் அவன் பின்தங்கியதும் "உனக்கு வரவில்லை, கணிதத்தையாவது ஒழுங்காகப் பார்" என்று நிறுத்தியவன் நான். நேரமில்லை என்று நான் எழுதியது முழு உண்மையல்ல. வெல்ல முடியாத ஒன்றுக்குக் கொடுக்க என்னிடம் நேரமில்லை என்பதே சரி.

நெய்தல்

அனைவருக்கும் நன்றி. இங்கு எழுதப்பட்டவற்றை ஆங்கிலத்தில் இரண்டு பக்கமாகத் தொகுத்துள்ளேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை மட்டும் வைக்கப் போகிறேன்: மாலையில் ஒரு தாமதப் பேருந்து, பெண் பிள்ளைகளுக்கு மதியத்தில் ஓர் ஆடுகளம். மகளின் தோழியரின் தாய்மார்கள் இருவரையும் வரும்படி கேட்டேன். ஒருவருக்கு அந்த நேரத்தில் வேலை இருப்பதால், கூட்டத்தை ஏழரை மணிக்கு மாற்ற முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமைக் கணித வகுப்பை நிறுத்திவிட்டோம். முதல் வாரம் அவள் சோஃபாவிலேயே படுத்திருந்தாள். நேற்று அந்த மெக்சிகோத் தோழியின் வீட்டுக்கு நடந்தே போனாள், போகும் தூரம் ஒரு மைல். வெயில் நன்றாக அடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.